கூட்டியும் இறங்காத கோடு

அன்புள்ள முகிலனுக்கு,

உன் கடிதமும் அதனோடு வைத்திருந்த வரைபடமும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் நலம் விசாரிப்புக்கு இரண்டு வரி, பிழை விகிதத்துக்கு இரண்டு பக்கம். அப்படியே உன் அப்பாதான். அவனும் சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதை மூடும்வரை சாப்பிட வரமாட்டான்.

நீ செய்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். 64 துணை ஊர்திகள், அதாவது 64 மெல்லிய அலைகள், ஒன்றாகத் தரவைச் சுமக்கும் ஓஎஃப்டிஎம் அமைப்பு ஒன்றைக் கணினியில் கட்டியிருக்கிறாய். ஒவ்வொரு துணை ஊர்தியிலும் 16-க்யூஏஎம், அதாவது ஒரு தடவைக்கு 16 புள்ளிகளில் ஒன்று. வாங்கும் முனையின் அதிர்வெண்ணைத் துணை ஊர்திகளுக்கு இடையேயான இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றே நகர்த்தி வைத்தாய். அதனால் புள்ளிகள் மொத்தமாகச் சுழல்வதை, இரு முனைக்கும் முன்பே தெரிந்த பைலட் சைகைகளை வைத்துத் திருத்திவிட்டாய். பிறகு அனுப்பும் சக்தியைப் படிப்படியாகக் கூட்டினாய். தொடக்கத்தில் பிழைகள் ஒழுங்காகக் குறைந்தன. 20 டெசிபலைத் தாண்டியதும் கோடு வளைந்தது. 30-க்கு மேல் படுத்தேவிட்டது. 40 டெசிபலிலும் ஆயிரம் பிட்டுக்கு ஏறக்குறைய ஐந்து தவறு.

“நிரலில் எங்கோ ஓட்டை இருக்கிறது அத்தை, மூன்று நாளாகத் தேடுகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். தேடுவதை நிறுத்து. நிரல் சரியாக இருக்கிறது. கோடு படுத்ததுதான் பாடம். அந்தப் பாடம் எனக்குப் புரிய, தொலைபேசி நிலையத்தில் பத்து வருஷம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. உனக்கு மூன்றாம் ஆண்டிலேயே வந்து மாட்டியிருக்கிறது.

பாடப்புத்தகம் இரைச்சல், குறுக்கீடு என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடும். இரண்டும் வேறு வேறு சாதி. இரைச்சல் வெளியிலிருந்து வரும் மழை மாதிரி. நீ மெல்லப் பேசினாலும் உரக்கப் பேசினாலும் மழை தன் பாட்டுக்குப் பெய்யும். ஆகவே குரலை உயர்த்தினால் ஜெயிக்கலாம். குறுக்கீடு அப்படியல்ல. அது பேசுகிறவர்களின் பேச்சிலிருந்தே பிறக்கிறது. பேச்சு உயர்ந்தால் அதுவும் உயரும்.

இதை நான் கண்ணால் பார்த்தது செம்புக் கம்பியில். எங்கள் நிலையத்திலிருந்து தெருக்களுக்குப் போகும் கேபிளில் நூறு ஜோடிக் கம்பிகள் ஒன்றாகக் கிடக்கும். அதில் முதல் வீட்டுக்கு மட்டும் பிராட்பேண்ட் கொடுத்த நாளில் வேகம் பிரமாதமாக இருந்தது. தெருவில் பாதிப் பேர் வாங்கியதும் எல்லாருக்கும் வேகம் இறங்கியது. ஒரு ஜோடியின் பேச்சு பக்கத்து ஜோடியில் கசிகிறது. புதிதாக வந்த ஒரு பையன், “மேடம், எல்லா மோடத்திலும் சக்தியைக் கூட்டிவிட்டால் என்ன?” என்று கேட்டான். கூட்டலாம். நம் சத்தம் இரு மடங்கானால் கசிவும் இரு மடங்காகும். விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். மின்சாரக் கட்டணம் ஏறும். அவ்வளவுதான்.

உன் கோடு படுத்ததற்கும் இதுதான் காரணம். உன் கணினிக்குள் பக்கத்து வீடே கிடையாது. இருந்தும் அங்கே 64 பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் கசிந்துகொண்டிருக்கிறார்கள். நீ சக்தியைக் கூட்டும்போது 64 பேரும் சேர்ந்தே குரலை உயர்த்துகிறார்கள். பல ஊர்தி அமைப்புகளில் குறுக்கீடு எப்போதும் வெளியாள் தருவதல்ல, பல சமயம் நாமே நமக்குச் செய்துகொள்வது. அதற்கு மருந்து சக்தியில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது.

அப்படியென்றால் எதற்கு 64 பேரைக் கூட்டி வைத்தார்கள், ஒரே ஆளைப் பேசவிட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். காரணம் எதிரொலி. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நேராகவும் வரும், எதிர்க் கட்டடத்தில் பட்டுச் சுற்றியும் வரும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடிக்கு 300 மீட்டர் போகும். சுற்றி வந்த பாதை நேர்ப் பாதையைவிட 300 மீட்டர் அதிகம் என்றால் எதிரொலி ஒரு மைக்ரோவினாடி தாமதம். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஒரே ஊர்தி ஆண்டால் ஒரு சிம்பலின், அதாவது ஒரு தடவை அனுப்பும் துண்டின், ஆயுள் 0.05 மைக்ரோவினாடிதான். எதிரொலி வந்து சேர்வதற்குள் அடுத்த இருபது சிம்பல்கள் போயிருக்கும். இருபது நாள் பழைய பேச்சை இன்றைய பேச்சோடு சேர்த்துக் கேட்பதுபோல. அதே பட்டையை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மெல்லிய துணை ஊர்திகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிதானமாகப் பேசலாம். ஒரு சிம்பல் 66.7 மைக்ரோவினாடி நீளும். அதில் ஒரு மைக்ரோவினாடி எதிரொலி என்பது நூற்றில் ஒன்றரைப் பங்கு. நான்காம் தலைமுறை அலைபேசியின் அளவுகள் இவை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1950-களின் இறுதியிலேயே அமெரிக்காவின் காலின்ஸ் ரேடியோ நிறுவனம் ‘கைன்ப்ளெக்ஸ்’ என்ற கருவியில் சிற்றலை வழியே பல தொனிகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்பியது. துணை ஊர்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலும் குழம்பாமல் பிரிக்க முடியும் என்று கணக்கு எழுதிக் காட்டியவர் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங், 1966-இல். ஆனால் ஒவ்வொரு துணை ஊர்திக்கும் தனித்தனியாக ஓர் அலையியற்றி வைத்தால் பெட்டி அலமாரி அளவு ஆகிவிடும். 1965-இல் கூலியும் டுக்கியும் எஃப்எஃப்டி என்ற விரைவு ஃபூரியே மாற்றக் கணக்கு முறையை வெளியிட்டார்கள். 1971-இல் வைன்ஸ்டைனும் ஈபெர்ட்டும், அத்தனை அலையியற்றிகளின் வேலையையும் ஃபூரியே மாற்றம் ஒன்றே செய்துவிடும் என்று காட்டினார்கள். இன்று உன் சட்டைப்பையில் இருக்கும் சில்லு அந்தக் கணக்கைத்தான் வினாடிக்குப் பல ஆயிரம் முறை போட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை எப்படிக் குழம்பாமல் இருக்கின்றன? ஆறு வருஷம் மிருதங்கம் வாசித்தவன் நீ. உனக்கு இது மற்றவர்களைவிடச் சுலபம்.

ஒரு தட்டுக்குள் ஒருவர் திசிரம் சொல்கிறார், ஒருவர் சதுசிரம், ஒருவர் கண்டம், ஒருவர் மிசிரம். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. நடுவில் கேட்டால் ஒரே கலவரம். ஆனால் தட்டு விழும் இடத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் ஒவ்வொருவரும் முழு எண்ணிக்கையில் முடித்திருக்கிறார்கள். யாருக்கும் மிச்சம் இல்லை. துணை ஊர்திகளும் இப்படியே. ஒரு சிம்பல் நேரத்துக்குள் ஒவ்வொன்றும் முழு எண்ணிக்கைச் சுற்றுகளை முடிக்கும். வாங்கும் கருவி தனக்கு வேண்டிய அலையால் கலவையைப் பெருக்கி, அந்த நேரம் முழுவதற்கும் கூட்டிப் பார்க்கிறது. வேண்டிய அலை சேர்ந்து சேர்ந்து வளரும். மற்றவற்றின் ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாகக் கழிந்து பூஜ்யமாகும். செங்குத்துத்தன்மை என்று உன் புத்தகம் பெரிய சொல்லால் சொல்வது இதைத்தான். மிச்சமில்லாமல் முடிவது.

இதிலிருந்தே ஆபத்தும் தெரிகிறது. இந்த ஏற்பாடு இரண்டு விதத்தில் கெடலாம். கூட்டிப் பார்க்கும் நேரத்தின் எல்லை தப்பினாலும் கெடும், சுற்றுகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இல்லாமல் போனாலும் கெடும். முதலாவது எதிரொலியின் வேலை. இரண்டாவது கடிகாரத்தின் வேலை.

எதிரொலியை முதலில் பார்ப்போம். சிம்பல் நீளமாக இருந்தாலும், முந்தைய சிம்பலின் வால் இந்த சிம்பலின் தலைமேல் விழத்தான் செய்யும். 1971-இல் சொன்ன யோசனை, இரண்டு சிம்பலுக்கு நடுவே சற்று இடைவெளி விட்டுவிடுவது. அதனால் பழைய சிம்பலின் வால் அந்த மௌனத்தில் விழுந்து அடங்கும். அரைத் தீர்வு அது. தாமதமாக வந்த எதிரொலியைப் பார்த்தால், கூட்டிப் பார்க்கும் நேரத்தின் தொடக்கத்தில் மௌனம், பிறகு அலை. மௌனம் தின்ற அளவுக்கு அந்த எதிரொலியின் சுற்றுகள் முழுசாகாது. மிச்சம் விழும், பக்கத்துத் துணை ஊர்தியில் கசியும்.

1980-இல் பெலெட், ரூயிஸ் என்ற இருவர் சொன்ன திருத்தம் அத்தனை எளியது, ஏன் முன்பே தோன்றவில்லை என்று இருக்கும். மௌனத்துக்குப் பதில், சிம்பலின் வால் பகுதியை நகலெடுத்து அதன் தலைக்கு முன்னால் ஒட்டிவிடு. சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் என்பது இதுதான். ஒரு தாளச் சுற்றை எந்த எடுப்பிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஒரு முழுச் சுற்று எண்ணினால் எல்லா அட்சரமும் அதில் இருக்கும் அல்லவா? அதேபோல் எதிரொலி எவ்வளவு தாமதமாக வந்தாலும், அந்த ஒட்டுப் பகுதிக்குள் அடங்கும்வரை, கருவி பார்க்கும் நேரத்தில் ஒவ்வொரு அலையும் முழு எண்ணிக்கைதான். எடுப்பு மட்டும் மாறியிருக்கும். எடுப்பு மாறியது என்பது கட்டம் மாறியது. ஒவ்வொரு துணை ஊர்திக்கும் ஒரே ஒரு பெருக்கலால் அதைத் திருத்திவிடலாம்.

இந்த ஒட்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை ஊரின் அமைப்பு தீர்மானிக்கும். 1999-இல் வந்த 802.11ஏ வைஃபையில் 0.8 மைக்ரோவினாடி, அதாவது 240 மீட்டர் பாதை வித்தியாசம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது தாராளம். நான்காம் தலைமுறை அலைபேசியில் சாதாரணமாக 4.7 மைக்ரோவினாடி, ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர். ஐரோப்பியத் தரையிணைப்பு டிஜிட்டல் தொலைக்காட்சியான டிவிபி-டியின் பெரிய வகையில் 224 மைக்ரோவினாடி வரை போகலாம், 67 கிலோமீட்டர். இவ்வளவு நீளத்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பக்கத்து ஊர்க் கோபுரம் அதே அதிர்வெண்ணில் அதே நிகழ்ச்சியை ஒளிபரப்பினால், வாங்கும் பெட்டிக்கு அது இன்னொரு எதிரொலி மாதிரிதான். குறுக்கீடாக இருக்க வேண்டியது துணைக்கு வந்துவிடுகிறது. ஒரே அதிர்வெண்ணில் பல கோபுரங்களை ஓட்டுவது இந்த ஒட்டின் தயவு.

விலை இல்லாமல் இல்லை. அந்த வைஃபையில் மொத்த சிம்பல் 4 மைக்ரோவினாடி, அதில் 0.8 ஒட்டு. ஐந்தில் ஒரு பங்கு நேரம் புதிய செய்தி எதுவும் போகாது. மருந்தின் பெயரோடு அதன் விலையையும் எழுதிவைக்கிற பழக்கம் உனக்கு இப்போதே வரட்டும்.

இனி கடிகாரம். உன் கோட்டுக்கு வருகிறோம்.

திசிரம் சொல்கிறவர் ஒரு தட்டுக்குள் மூன்றுக்குப் பதில் மூன்றும் பத்தில் ஒன்றும் சொன்னால் என்ன ஆகும்? தட்டு விழும்போது அவர் நிற்க வேண்டிய இடத்தில் இருக்கமாட்டார். நீ அதிர்வெண்ணை 0.1 பங்கு நகர்த்தியபோது 64 துணை ஊர்திகளும் இப்படி ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் மிச்சமும் மற்ற 63-இலும் கசிகிறது. பக்கத்தில் இருப்பதில் அதிகம், தூரத்தில் இருப்பதில் குறைவு, ஆனால் எதிலும் பூஜ்யம் இல்லை.

எவ்வளவு கசிகிறது என்பதற்கு மனக்கணக்காகவே ஒரு வழி உண்டு. விலகலை இடைவெளியின் பங்காக எடுத்துக்கொள். அதை பையால் பெருக்கி, இருமடியாக்கி, மூன்றால் வகு. விலகல் சிறிதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். 0.1-க்கு 0.033 வரும். உன் சக்தியில் நூற்றில் மூன்று பங்கு குறுக்கீடாகத் திரும்பி வருகிறது. டெசிபலில் சொன்னால் சைகை குறுக்கீட்டைவிடப் பதினைந்து மட்டுமே உயரம். இரைச்சலை அடியோடு துடைத்தாலும் இந்தப் பதினைந்தைத் தாண்ட முடியாது. 16-க்யூஏஎம்முக்கு 15 டெசிபல் கிடைத்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்து பிழை வரும். உன் கோடு படுத்த தரை அதே இடத்தில்தான் இருக்கிறது, பார்த்தாயா? உன் நிரல் கணக்குத் தப்பாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைப் போய் மூன்று நாள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டாய்.

நிஜக் கருவிகளில் பத்தில் ஒரு பங்கெல்லாம் விலகுமா என்று கேட்கலாம். அதற்கு மேலேயே விலகும். வைஃபை கருவியின் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை தப்பலாம் என்று தரநிர்ணயம் அனுமதிக்கிறது. 5.2 கிகாஹெர்ட்ஸில் அது 104 கிலோஹெர்ட்ஸ். அனுப்புகிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே தப்பினால் மொத்தம் 208. துணை ஊர்தி இடைவெளியே 312.5 கிலோஹெர்ட்ஸ்தான். மூன்றில் இரண்டு பங்கு விலகல்! திருத்தாமல் விட்டால் ஒரு சொல்லும் தேறாது. அதனால்தான் ஒவ்வொரு வைஃபை பொட்டலத்தின் தலையிலும் இரு முனைக்கும் முன்கூட்டியே தெரிந்த வடிவங்கள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. ஒரே வடிவம் இரண்டு முறை வருகிறது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கட்டம் எவ்வளவு சுழன்றது என்று பார்த்தால் கடிகாரம் எவ்வளவு தப்புகிறது என்று தெரிந்துவிடும். 1994-இல் மூஸ் என்பவரும் 1997-இல் ஷ்மிட்ல், காக்ஸ் இருவரும் இந்த வழியைச் செம்மைப்படுத்தினார்கள். தம்பூராவோடு சுருதி சேர்த்துவிட்டுக் கச்சேரியைத் தொடங்குவது மாதிரி இது. கச்சேரி நடுவிலும் பைலட் துணை ஊர்திகள் சுருதியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த வைஃபையில் பயன்படும் 52-இல் 4 பேருக்கு இதுவே வேலை.

ஆகவே முதல் மருந்து, அளந்து திருத்துவது. இதுதான் மலிவானது, இதுதான் முதலில் செய்ய வேண்டியது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகு மிஞ்சுவதற்கு.

என்ன மிஞ்சும்? ஓட்டம் மிஞ்சும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பிடித்தால் டாப்ளர் விலகல் 340 ஹெர்ட்ஸ் வரும். 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அது நூற்றில் இரண்டே கால். கோபுரத்தை நெருங்கும்போது கூட்டல், தாண்டியதும் கழித்தல். இதில் ஒரு நுட்பம் உண்டு. பயணியின் அலைபேசி, காதில் விழுந்த அதிர்வெண்ணையே சரியானது என்று நம்பி அதில் திரும்பப் பேசுகிறது. அந்தப் பேச்சும் போகிற வழியில் இன்னொரு முறை விலகுகிறது. கோபுரத்துக்குப் போய்ச் சேரும்போது விலகல் இரட்டிப்பு. இதுவும் ஒரே விலகல் என்றால் அளந்து திருத்திவிடலாம். கட்டடங்கள் நடுவே ஓடும்போது முன்னாலிருந்து வரும் எதிரொலி ஒரு விதமாகவும் பின்னாலிருந்து வருவது வேறு விதமாகவும் விலகும். ஒரே கடிகாரத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துத் திருத்த முடியாது.

அங்கேதான் இரண்டாவது மருந்து: துணை ஊர்திகளைத் தள்ளி நிறுத்துவது. ஐந்தாம் தலைமுறையில் 15, 30, 60, 120 கிலோஹெர்ட்ஸ் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போக வழி வைத்திருப்பது இதற்காகவும்தான். 28 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 2.6 கிலோஹெர்ட்ஸ் டாப்ளரைத் தரும். 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அது நூற்றில் பதினேழு, தாங்காது. 120-க்கு நூற்றில் இரண்டு, தாங்கும். விலை என்ன? இடைவெளி எட்டு மடங்கானால் சிம்பல் எட்டில் ஒன்றாகச் சுருங்கும், ஒட்டும் 0.6 மைக்ரோவினாடிக்கு இறங்கும். 1.4 கிலோமீட்டர் எதிரொலியைத் தாங்கிய அமைப்பு 180 மீட்டரை மட்டுமே தாங்கும். கடிகாரத்துக்கு மருந்து கொடுத்தால் எதிரொலியில் வலி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஊருக்கு ஊர், அலைக்கு அலை ஓர் இடம் பார்த்து நிற்பதுதான் வடிவமைப்பு. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது.

மூன்றாவது மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த சாவ், ஹாக்மான் இருவரும் 2001-இல் எழுதியது. ஒரே செய்தியைப் பக்கத்துப் பக்கத்துத் துணை ஊர்திகள் இரண்டில் வை. முதலில் உள்ளபடியே, இரண்டாவதில் குறி மாற்றி. தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த இருவரின் கசிவும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், ஒன்று கூட்டலாக, ஒன்று கழித்தலாக. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கசிவை அளக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். விலை கண்கூடு. பாதித் துணை ஊர்திகள் நகலெடுக்கவே போய்விட்டன, ஆகவே வேகம் பாதி. வேகத்தைவிட உறுதி முக்கியமான இடத்தில் மட்டுமே இது கட்டுப்படியாகும்.

நான்காவது, சிம்பலின் ஓரங்களை மழுக்குவது. சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும் அலையின் கசிவு தூரம் போனாலும் மெல்லத்தான் குறையும். முதல் பக்கமடல் நடு மடலைவிட 13 டெசிபல் மட்டுமே தாழ்வு. ஓரத்தைச் சரிவாக்கினால் தூரத்துக் கசிவு வேகமாக அடங்கும். இது பக்கத்துப் பட்டைக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை. அப்படியும் போதாது என்றுதான் 20 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தாலும் நான்காம் தலைமுறை அலைபேசி 18-ஐ மட்டும் நிரப்பிவிட்டு ஓரங்களைக் காலியாக விடுகிறது. வரப்பு விடாமல் உழுதால் சண்டைதான்.

வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஏடிஎஸ்எல் பிராட்பேண்டும் பல ஊர்தி அமைப்புதான். 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 256 தொனிகள், மேல் எல்லை 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. மத்திய அலை வானொலியின் ஒரு பகுதியும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. வீட்டுக்காரர் மூன்று மோடம் மாற்றிவிட்டார். போய் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, எந்தத் தொனியில் எத்தனை பிட் ஏறுகிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். 167-ஆம் எண்ணைச் சுற்றி அகலமான ஒரு பள்ளம். 167-ஐ 4.3125-ஆல் பெருக்கினால் 720 கிலோஹெர்ட்ஸ். அங்கே ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

மோடம் புத்திசாலிதான். இணைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு தொனியையும் அளந்து, சுத்தமானதில் 15 பிட் வரை ஏற்றும், அழுக்கானதைத் தொடாமல் விடும். பள்ளம் உள்ள சாலையில் பள்ளத்தை ஒதுக்கி ஓட்டுவதுபோல. இந்தச் சலுகை ஒரே ஊர்தி அமைப்புக்குக் கிடையாது. ஆனால் பள்ளம் ஏன் அவ்வளவு அகலமாக இருந்தது? வானொலி நம் தாளத்துக்குக் கட்டுப்பட்ட ஆள் இல்லை. அதன் சுற்றுகள் நம் சிம்பலுக்குள் முழு எண்ணாக முடியாது, ஆகவே அக்கம்பக்கத் தொனிகளிலும் கசியும். சரி, அதே தெருவில் மற்ற வீடுகளுக்கு ஏன் இல்லை? லைன்மேனைக் கூப்பிட்டு டிபி என்கிற விநியோகப் பெட்டியிலிருந்து கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ஒரு ஜாயிண்டில் ஒரு கம்பியில் மட்டும் களிம்பு பிடித்திருந்தது. முறுக்கிய ஜோடியில் இரண்டு கம்பியும் ஒரே மாதிரி இருந்தால் வானொலி இரண்டிலும் சமமாக ஏறும். மோடம் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது கழிந்துபோகும். ஒன்று கெட்டால் சமநிலை போயிற்று. ஜாயிண்டை வெட்டிப் புதிதாகப் போட்டோம். பள்ளம் ஏறக்குறைய மறைந்தது. மூன்று மோடத்தின் காசு மிச்சமாகியிருக்கும், முதலிலேயே அந்தப் பட்டியலை யாராவது பார்த்திருந்தால்.

அன்றிலிருந்து எந்தக் குறுக்கீட்டைக் கண்டாலும் நான் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். சக்தியைக் கூட்டினால் குறைகிறதா? குறைந்தால் அது இரைச்சல், அல்லது அந்த வானொலிபோல வெளியாள். குறையாவிட்டால், மிச்சம் எங்கே விழுகிறது, நேரத்திலா அதிர்வெண்ணிலா? நேரத்தில் என்றால் எதிரொலியையும் ஒட்டையும் பார். அதிர்வெண்ணில் என்றால் கடிகாரத்தையும் ஓட்டத்தையும் பார். கடைசியாக, இந்த மருந்துக்கு விலை என்ன, அதைக் கொடுக்க என்னால் முடியுமா? இந்த வரிசையில் கேட்டால் மோடம் மாற்ற வேண்டியிருக்காது.

உன் ஆய்வு அறிக்கையில் படுத்த கோட்டை மறைக்காதே. அதையே முதல் படமாக வை. பிறகு இரண்டு சோதனை செய். விலகலை 0.1-இலிருந்து 0.05-ஆகக் குறை. 16-க்யூஏஎம்மில் தரை உன் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். வெற்றி என்று துள்ளாதே. அதே 0.05-இல் 64-க்யூஏஎம்முக்கு மாறு. தரை ஏறக்குறைய பழைய இடத்துக்கே ஏறி வந்து நிற்கும். வேகமாகப் பேச ஆசைப்படுகிறவர் அதற்கேற்பச் சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அப்போது கணக்காகவே தெரியும். இரண்டு படத்தையும் எனக்கு அனுப்பு.

அப்பாவிடம் கண்ணாடியை மாற்றச் சொன்னேன் என்று சொல். மிருதங்கத்தைத் தூசி படிய விடாதே.

அன்புடன்,
அத்தை